வலது பட்டையின் உள்விளிம்பு

2025 பிப்ரவரி 3, திங்கள்

இன்று வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். விரல் ஓர் இடத்தில் எலும்பைத் தொட்டது; பென்சிலால் வேறோர் இடத்தில் கோடு போட்டேன். அதற்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது.

வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எந்த இடத்தில் பிசகியது என்று எனக்குத் தெரியவரும்.

பகலில் மருந்துக் கடையில் நிற்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் பிசியோதெரபி உதவியாளர் சான்றிதழ் வகுப்பு. பழைய டைப்ரைட்டிங் நிலையத்தின் மாடியில் ஆறு முதல் எட்டு வரை நடக்கிறது. இன்று செய்முறை. ஒருவர் முதுகில் கை வைத்து எலும்புகளின் விளிம்பைக் கண்டுபிடித்து, புருவப் பென்சிலால் வரைந்து காட்ட வேண்டும். பெண்கள் ஆளுக்கொரு பெண்ணைக் கூட்டிவர வேண்டும் என்று ஜீவானந்தம் சார் போன வாரமே சொல்லியிருந்தார். நான் அண்ணி கனிமொழியைக் கூட்டிப் போனேன். வந்திருந்த பெண்கள் எல்லாரும் திரைக்குப் பின்னால் போய் ரவிக்கையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கொக்கிகளை முதுகுப் பக்கம் திறந்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

“இன்னா பாப்பா, முதுவுல கோலம் போடுறியா? பென்சிலு குத்துது” என்றார் அண்ணி.

பக்கத்து நாற்காலியில் என்னோடு படிக்கும் பானுப்ரியா தன் சித்தியின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க சித்திக்கு எலும்பே கெடைக்கல. அர மணி நேரமா தேடிகினு இருக்கறேன்.”

“சோறு தின்ன முதுவுடி. அவசரப்பட்டா கெடைக்குமா?” என்றார் சித்தி.

அண்ணியின் முதுகில் எனக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்தது. இடது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகெலும்பிலிருந்து மூன்று விரல் தள்ளி இருந்தது. வலது, இரண்டு விரல்தான். அதன் கீழ்முனையும் இடதைவிட ஒரு விரல் மேலே. இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தேன்.

சார் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். என் கோடுகளைப் பார்த்தார்.

“ரெண்டு கீழ்முனையும் ஒரே லெவல்ல வரணும்மா. ஏழாவது முள்ளெலும்பு. புக்கு பார்த்தியா இல்லியா?”

“வலது பக்கம் கொஞ்சம் மேல இருக்கற மாதிரி இருக்குது சார்.”

“மாதிரின்னு அனாட்டமில ஒண்ணும் கிடையாது. திரும்பப் பாரு.”

நான் திரும்பப் பார்க்கவில்லை. பஞ்சில் எண்ணெய் தொட்டு வலது பக்கக் கோட்டைத் துடைத்தேன். இடது பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி வலது பக்கமும் வரைந்தேன். சார் திரும்பி வந்து தலையாட்டிவிட்டு மதிப்பெண் போட்டார்.

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். அண்ணிக்கு மார்கழியில் காய்ச்சல் வந்தது. அது விட்ட கையோடு வலது தோளில் எட்டு நாள் தாங்க முடியாத வலி. என் கடை மாத்திரைதான் கொடுத்தேன். வலி குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கை சரியாகத் தூக்க வரவில்லை. பட்டைக்கு உள்பக்கம் ஓர் ஓயாத நோவு. அண்ணி தறி நெய்கிறவர். எங்கள் வீட்டில் தறியில் உட்காருவது அவர் ஒருவர்தான். அண்ணன் அன்பரசு செய்யாறு பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அண்ணி குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து, வலது கையால், குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுப்பார். இடது கையால் அச்சுப் பலகையை முன்னால் தள்ளி, பிறகு தன் பக்கம் இழுத்து இழையை அடிப்பார். ஜனவரி 12ஆம் தேதி நான்தான் கையை மாற்றச் சொன்னேன். இழுத்து இழுத்துத்தான் வலது பக்கம் நோகிறது, இழுக்கிற தசைக்கு ஓய்வு கொடுங்கள் என்று. அன்று முதல் கயிறு இடது கையில், பலகை வலது கையில். பழகுவதற்கு இரண்டு நாள் கஷ்டப்பட்டார். நோவு குறையவில்லை.

அழித்த கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

இன்று பட்டை எலும்பை அசைக்கும் தசைகள். அந்த ஓர் எலும்பில் பதினேழு தசைகள் ஒட்டியிருக்கின்றனவாம். சார் நாற்பது நிமிடத்தில் பதினேழையும் ஓட்டி முடித்தார். ஒரு படத்தை நான் பாதி வரைவதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. கை ஓய்ந்து, பேனாவை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

எனக்குப் புரிந்த அளவு இது. பட்டை எலும்பு முதுகில் எந்த எலும்போடும் கோக்கப்படவில்லை. முன்பக்கம் காறை எலும்போடு விரல்நுனி அளவு ஒரு மூட்டு, பக்கத்தில் கை எலும்பு உட்காரும் குழி, அவ்வளவுதான். மற்றபடி விலாக்கூட்டின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும் ஒரு முக்கோணத் தட்டு. அதை நிறுத்துவதும் நகர்த்துவதும் தசைகள்தாம். எல்லாவற்றுக்கும் மேலே விரிந்திருப்பது டிரபீசியஸ். அதன் மேல்பகுதி தூக்கும், நடுப்பகுதி முதுகெலும்புப் பக்கம் இழுக்கும், கீழ்ப்பகுதி இறக்கும். அதற்கு அடியில் சாய்வாக ராம்பாய்டு. அதுவும் உள்பக்கம் இழுப்பது. இழுக்கும்போதே சற்று மேலேயும் ஏற்றிவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டுமானால் கை மட்டும் எழுந்தால் போதாது, பட்டையும் சுழல வேண்டும். தூக்குவதில் மூன்றில் ஒரு பங்கு பட்டையின் வேலை.

கடைசியாகத்தான் செரேட்டஸ் ஆன்டீரியர் வந்தது. விலா எலும்புகளின் பக்கவாட்டிலிருந்து விரல் விரலாகக் கிளம்பி, பட்டைக்கு அடியில் புகுந்து, அதன் உள்விளிம்பில் போய் ஒட்டுகிறது. எதையாவது முன்னால் தள்ளும்போது பட்டையை முன்னுக்குக் கொண்டுவருவது இது. பட்டை விலாவை விட்டு எழாமல் அமர்த்திப் பிடிப்பதும் இதுதான். கை உயரும்போது பட்டையைச் சுழற்றுவதிலும் பெரும்பங்கு இதனுடையது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. புத்தகத்தின் முதுகுப் படத்தில் இந்தத் தசை இல்லவே இல்லை. பக்கவாட்டுப் படத்தில், அக்குளுக்குக் கீழே, ரம்பப் பல் மாதிரி நாலு கோடு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் யாரும் இது முதுகு வலிக்கு வேண்டிய தசை என்று நினைக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. ஆனால் அது போய் ஒட்டுவது ராம்பாய்டு ஒட்டும் அதே உள்விளிம்பில். ஒன்று உள்ளே இழுக்கிறது; மற்றொன்று வெளியே. ஒன்று தளர்ந்தால் மற்றது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் நான் நினைத்தபடி இழுக்கிற ராம்பாய்டு ஓய்ந்திருந்தால் பட்டை முதுகெலும்பை விட்டு விலகிப் போயிருக்க வேண்டும். அண்ணியின் பட்டை விலகவில்லை, நெருங்கியிருக்கிறது. என் விரல் பொய் சொல்லவில்லை என்றால்.

கையைத் தூக்கிக் கேட்டேன். “சார், ஒரு பக்கம் பட்டை முதுகெலும்புகிட்ட வந்து, மேலயும் ஏறியிருந்தா செரேட்டஸ்தானா?”

“செரேட்டஸ் வீக்கா இருந்தா செவுத்தத் தள்ளச் சொல்லணும். பட்டை றெக்கை மாதிரி தூக்கும். அது உங்களுக்கு எக்ஸாம்ல வராது. இது அசிஸ்டென்ட் கோர்ஸு.”

“வீட்ல ஒருத்தங்களுக்கு…”

“வீட்டு வைத்தியம் வேணாம்மா. அடுத்த ஸ்லைடு.”

வகுப்பு முடிந்ததும் பானுப்ரியாவைச் சுவரைத் தள்ளச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பட்டையும் பலகை மாதிரி அமைதியாக இருந்தன.

“செவுரு வுழுந்தா உன் பேர்தான் சொல்லுவேன்” என்றாள். அவளுக்குப் பெரணமல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒரு நல்ல முதுகைப் பார்த்து என்ன தெரிந்துவிடும்?

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் கடைக்குப் போகும் முன் அண்ணியைச் சுவர்ப் பக்கம் நிற்கவைத்தேன். ரவிக்கையை அன்றைக்குப் போலவே திருப்பிப் போடச் சொன்னேன். பாடத்துக்கு என்றேன். அதுவும் ஒரு பொய்யின் ஓரம்தான்.

“ரெண்டு உள்ளங்கையும் சுவத்துல வெச்சித் தள்ளுங்க அண்ணி.”

தள்ளினார். இடது பட்டை அசையாமல் இருந்தது. வலது பட்டையின் உள்விளிம்பு விலாவை விட்டு எழுந்து வெளியே வந்தது, மூடி சரியாக உட்காராத டப்பா மாதிரி. அதன் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரலும் போயின.

“இன்னா பாப்பா, பேசாம கீற?”

“ஒண்ணுமில்ல அண்ணி. இன்னொரு தடவ தள்ளுங்க, போன்ல எடுத்துக்கறேன்.”

அடுத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். இடது கை காதைத் தொட்டது. வலது கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. மேலே கொண்டுபோக இடுப்பைச் சாய்த்தார். இந்த நோட்டில் ஜனவரி 12ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘வலது கை காது உயரம் வரை’ என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

பிறகு அண்ணி தறியில் உட்கார்ந்தார். நான் அச்சுப் பலகையையே பார்த்துக்கொண்டு, கைக்கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். முப்பத்தெட்டு முறை வலது கை பலகையை முன்னால் தள்ளியது. ஒவ்வொரு தள்ளலிலும் ரவிக்கைத் துணிக்கு அடியில் அந்த விளிம்பு எழுந்து எழுந்து அடங்கியது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். கணக்கு எழுதினால் ஏதோ செய்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தத் தப்பு எப்படி வந்தது என்று கடையில் நின்றுகொண்டே யோசித்தேன். எங்கள் தெருவில் யாரையாவது ‘தறி ஓட்டுகிறான்’ என்று சைகையில் காட்டச் சொன்னால் வலது கையால் காற்றில் கயிற்றை இழுத்துக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் காட்டுவேன். இடது கையை யாரும் காட்டுவதில்லை. தெருவில் நடந்தால் காதில் விழுவதும் கயிறு இழுக்கும் சத்தமும் நாடா ஓடும் சத்தமும்தான். பிறந்ததிலிருந்து தறி வீட்டில் இருக்கிறேன். தறி என்றால் இழுப்பது என்றே நினைத்திருக்கிறேன். தறிக்கு வெளியே வளர்ந்த ஒருத்தி இரண்டு கையும் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்திருப்பாள். பானுப்ரியா பார்த்திருப்பாள்.

தள்ள முடியாத கையைத் தள்ளும் வேலைக்கு மாற்றியது நான்.

மாற்றாவிட்டாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ. அதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாமல் ‘மாற்றுங்கள்’ என்று மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

இரவு சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. முதலில் சாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வகுப்பு தொடங்கும் முன்பே போய் சாரிடம் போனை நீட்டினேன். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். ஒரு முறை பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தார்.

“யாரும்மா இது?”

“திங்கக்கெழம வந்தாங்களே சார், எங்க அண்ணி.”

“நீ பத்து மார்க் வாங்கின முதுகா?”

“ஆமாம் சார். வலது பக்கம் கோட்ட அழிச்சிட்டு, சமமா வர்ற மாதிரி போட்டுட்டேன்.”

“நானா அழிக்கச் சொன்னேன்? திரும்பப் பாருன்னுதான சொன்னேன்.”

அது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் அந்த முதுகுக்குப் பக்கத்தில் நின்றது இரண்டு முறை. ஆனால் திரும்பப் பார்க்காமல் விட்டது நான். அந்தக் கோபத்தை அவர் மேல் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

“எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டார். காய்ச்சல், எட்டு நாள் வலி, வலி போனபின் கை தூக்க வராதது, எல்லாம் சொன்னேன்.

“செரேட்டஸுக்குப் போற நரம்பா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அத நானும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. நரம்பு டாக்டர்தான் பார்த்து டெஸ்ட் எடுக்கணும். மொதல்லயே போயிருக்கணும்.”

“சரியாயிடுமா சார்?”

“நெறைய பேருக்கு ஆகுது. ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகும். சில பேருக்கு ஆகறதில்ல.” போனைத் திருப்பித் தந்தார். “அது வரைக்கும் அந்தக் கையால தள்ளுறது, கனம் தூக்கறது ஒண்ணும் வேணாம். இன்னா வேல செய்யறாங்க?”

“தறி சார்.”

“எந்தக் கையால தள்ளுவாங்க?”

“இப்ப வலது கையால.”

“இப்பன்னா?”

மற்றவர்கள் படியேறி வந்துவிட்டார்கள். சார் எழுந்து கம்ப்யூட்டரை இயக்கப் போனார். அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உறுதியாகத் தெரியவில்லை.

இன்று பாடம் முழங்கால். ஒரு வரி எழுதவில்லை.

படியிறங்கும்போது பானுப்ரியாவிடம் மட்டும் சொன்னேன். அவள் நின்று முழுவதும் கேட்டாள்.

“சொல்லிடுடி. எத்தினி நாளு ஆவுதோ அத்தினி பேஜாரு.”

“எப்பிடி சொல்றது?”

“வாயாலதான். வேற எப்பிடி?”

பிப்ரவரி 8, சனி

இன்றும் சொல்லவில்லை. அண்ணி காலை எட்டு முதல் மாலை வரை தறியில் இருந்தார். நான் கடையில் மூன்று பேருக்கு முதுகு வலித் தைலம் விற்றேன். மூவரிடமும் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவர், “தைலத்துக்கு இன்னாம்மா, எந்தப் பக்கமா இருந்தா?” என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி ஞாயிற்றுக்கிழமையும் தறியில் உட்கார்ந்திருந்தார். சேலையில் இன்னும் ஒன்றரை மீட்டர்தான் பாக்கி. இந்த வாரம் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

“அண்ணி, தறிய நிறுத்துங்க. ஒரு விஷயம் சொல்லணும்.”

“இரு. இந்தப் பூ முடியட்டும்.”

முந்தானையில் ஒரு பூ. அது முடிய நாலு நிமிடம் ஆனது. முப்பத்தெட்டால் பெருக்காமல் இருக்க முயன்றேன்.

“இப்ப சொல்லு.”

வரிசையாகச் சொன்னேன். இரண்டு விரல், மூன்று விரல், அழித்த கோடு, சுவர், வீடியோ, சார் சொன்னது. கையை மாற்றச் சொன்னது தப்பு என்பதைக் கடைசியில் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணி தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப இதுதான் கெட்ட கை. இதத்தான் தள்ளுன்னு சொல்லியிருக்கற.”

“ஆமாம் அண்ணி.”

“நான் கயித்த இழுக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்லன்னு அன்னிக்கே சொன்னனா இல்லியா?”

சொன்னார். ஜனவரி 12ஆம் தேதிப் பக்கத்தில் அது இல்லை. அதை நான் எழுதவில்லை.

“சொன்னீங்க.”

“நீதான், ‘உங்களுக்குத் தெரியாது அண்ணி, அது உள்ள கீற தசை’ன்ன.”

“ஆமாம்.”

“இது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“வியாழக்கெழம.”

“இன்னிக்கு இன்னா கெழம?”

“ஞாயித்துக்கெழம.”

அண்ணி இடது கை விரலை மடக்கி எண்ணினார். “வியாழன். வெள்ளி. சனி. மூணு நாளு நான் தள்ளிகினு கீறத பாத்துகினே சோறு தின்னிருக்கற.”

வகுப்பில் சாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சனிக்கிழமைக்கு அந்தக் காரணமும் இல்லை.

“அந்த தெய்வநாயகி இல்ல, துணி தெக்கறவ? பொங்கலுக்கு ஜாக்கெட்டு தெச்சிக் குடுத்தா. முதுவுல ஒரு பக்கம் தூக்கிகினு நின்னுது. ‘அக்கா, தையலு சரியாத்தான் கீது, உனக்குத்தான் ஒரு தோளு ஏறிக் கீது’ன்னா. எனக்குக் கோவம் வந்து ஜாக்கெட்ட அவ மெஷினு மேலயே கடாசிட்டு வந்துட்டேன்.” அண்ணி சிரிக்கிற மாதிரி மூச்சு விட்டார். “தெக்கறவளுக்கு கண்ணு கீது. படிக்கறவளுக்கு பென்சிலு கீது.”

உள்ளே அண்ணன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“சரி, வா. கயித்த மாத்திக் கட்டு. பழையபடி இந்தக் கையால இழுக்கறேன், அந்தக் கையால தள்ளறேன். ஒன்ற மீட்டரு, ஜல்தியா முடிச்சிடறேன்.”

“கட்டறேன். ஆனா…”

“இன்னா ஆனா?”

“தள்ளக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னுதான் சார் சொன்னாரு. இழுக்கலாமான்னு நான் கேக்கல. இழுக்கறது வேற தசை. அதனால பரவால்லாம இருக்கலாம்…”

“இருக்கலாம்னு சொல்லாத. அப்பிடித்தான் அன்னிக்கும் சொன்ன. தெரியுமா தெரியாதா?”

அன்று நான் ‘இருக்கலாம்’ என்று சொல்லவில்லை. அதைவிட மோசமாக, உறுதியாகச் சொன்னேன். அதைத் திருத்தும் நேரம் இது இல்லை.

“தெரியாது அண்ணி.”

அண்ணி நாடாவை எடுத்து ஓரத்தில் வைத்தார். இடது கையை ஊன்றிக் குழியிலிருந்து எழுந்தார். நான் தூக்கிவிடக் கையை நீட்டினேன், பிடிக்கவில்லை. தறியில் விரிந்திருந்த பாவு நூலின் மேல் பழைய வேட்டியை எடுத்துப் போர்த்தினார். அதையும் இடது கையாலேயே செய்தார். ஒரு மூலை சரியாக விழவில்லை. நான் இழுத்துச் சரிசெய்தேன்.

“தெரியாதுன்னா ரெண்டு கையும் வேணாம்” என்றார். “டாக்டரு எந்த நாளு பாக்கறாருன்னு கேளு. அதையாச்சும் சரியாக் கேளு.”

பிப்ரவரி 10, திங்கள்

கடையிலிருந்து போன் செய்து விசாரித்தேன். வேலூரில் பெரிய அரசு ஆஸ்பத்திரி. நரம்புப் பிரிவு வெளிநோயாளிகளுக்குச் செவ்வாய், வெள்ளி. முதலில் பேசியவர் திங்கள் என்றார். சந்தேகமாக இருந்து மறுபடி அழைத்தேன். வேறொருவர் செவ்வாய் என்றார். மூன்றாவது முறை அழைத்து இன்னொருவரிடமும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. செவ்வாய்தான்.

அண்ணியிடம் சொன்னேன். “சரி” என்றார். அண்ணி என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறார். உப்பு எடு, கதவைச் சாத்து, பால் வந்துவிட்டதா என்கிறார். பாப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை.

பாவு கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளியிடமிருந்து வேலு என்பவர் வந்து வாசலில் நின்று சேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

“கை முடியல. டாக்டரப் பாத்துட்டு சொல்றேன்” என்றார் அண்ணி.

“எந்தக் கைம்மா? நல்லாத்தான கீற.”

“நல்லாத்தான் கீறேன். மூணு பேரு மூணு தபா பாத்துட்டு இத்தத்தான் சொன்னாங்க. போய் சொல்லு.”

வேலு போன பிறகும் அண்ணி வாசற்படியிலேயே நின்றார். வலது கையைச் சுவரில் ஊன்றாமல், பழக்கமில்லாமல், இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். இந்தக் கை மறுபடி வருமா என்று என்னிடம் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அவ்வளவுதான். இத்தனை மாத வகுப்பில் பதினேழு தசைகளின் பெயரும் எனக்கு வந்துவிட்டது. அண்ணி கேட்கக்கூடிய ஒரே கேள்விக்கு அதில் பதில் இல்லை.

வகுப்புக்குப் போகவில்லை. டாக்டரிடம் கொடுக்க ஒரு தாளில் எழுதினேன். காய்ச்சல் வந்த தேதி, வலி இருந்த நாட்கள், கொடுத்த மாத்திரைகளின் பெயர், கை எந்த உயரம் வரை போனது என்று பார்த்த இரண்டு தேதிகள். அடுத்து ஜனவரி 12 முதல் பிப்ரவரி 9 காலை வரை வலது கையால் அச்சுப் பலகை தள்ளியது. ‘கணவரின் தங்கை அகல்யா சொன்னதன்பேரில்’ என்று எழுதினேன். எழுதும்போது ‘தவறான ஆலோசனையால்’ என்று முதலில் போட்டேன். அதை அடித்தேன். டாக்டருக்கு வேண்டியது என் வருத்தம் இல்லை, எந்தக் கை எத்தனை நாள் என்பதுதான்.

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார்.

“காய்ச்சலு ஞாயித்துக்கெழம வரல. சனிக்கெழம சாயந்தரமே வந்துடுச்சி. ஞாயித்துக்கெழமதான் நீ பாத்த.”

டிசம்பர் 22ஐ 21 என்று திருத்தினேன். வேறு எதையும் அவர் மாற்றச் சொல்லவில்லை.

நாளை, செவ்வாய். நாலரைக்கு எழுந்து, ஐந்து ஐம்பது வேலூர் பஸ் பிடிக்க வேண்டும். பையை நான் தூக்க வேண்டும். ஏழரைக்குள் நரம்புப் பிரிவில் சீட்டு வாங்கி, தாளையும் வீடியோவையும் டாக்டரிடம் காட்டி, கயிறு இழுக்கலாமா கூடாதா என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும்.